கடைசி இருபத்து நான்கு

கணவர் இறந்த எட்டாம் நாள் கலாதேவி வேலைக்குத் திரும்பினாள். பதினாறாம் நாள் காரியம் இன்னும் பாக்கி இருந்தது. வீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. யார் என்ன சொன்னாலும் "சரி" என்றாள்.

விமான இறக்கைக்குள் பொருத்தும் உலோகத் தாங்கிகளைச் செய்யும் நிறுவனம் அது. கொள்முதல், உற்பத்தி, பரிசோதனை, அனுப்புதல் எல்லாம் ஒரே மென்பொருளில் நடந்தன. அதில் யாருக்கு எந்தத் திரை திறக்க வேண்டும், எது திறக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது பதினொரு வருடமாக அவள் வேலை. அவள் கணவர் மகேந்திரன் அங்கேயே பரிசோதகராக இருந்தார். ஒவ்வொரு தாங்கியையும் அளந்து, தன் பெயரில் உள்ளே நுழைந்து, 'ஏற்கப்பட்டது' என்று அழுத்துவார். விமானம் பறக்கும் காலம் வரை அந்தப் பெயர் பதிவில் இருக்கும்.

காலையில் உற்பத்தி மேலாளர் ஸ்கந்தராஜா ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தார்.

"வந்த அன்னிக்கே கேக்குறன், மன்னிக்கணும் கலா. மகேந்திரன் போன வாரம் வியாழக்கிழமை இருபத்து நாலு பீஸ் அளந்து இதில எழுதியிருக்கார். சிஸ்டத்தில ஏத்தல."

"மறுநாள் ஏத்தலாம்னு இருந்திருப்பாரு சார்."

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

"லாரி நாலு மணிக்கு. அவர் பாஸ்வர்டு உங்களுக்குத் தெரியும்தானே? தேதியை அந்த வியாழனுக்கே மாத்தவும் உங்களால முடியும்."

முடியும். பாஸ்வர்டு, மகள் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

"அளந்தது உண்மை. அழுத்துறதுதான் பாக்கி. அவர் கடைசியா செஞ்ச வேலை, அவர் பேர்லயே போகட்டும்லா."

அவர் தந்திரமாகப் பேசவில்லை. சுடுகாடு வரை நடந்து வந்தவர். சொன்னதிலும் பொய் இல்லை. வேறொருவர் திரும்ப அளந்தால் இருபத்து நான்கும் அந்த வேறொருவர் பெயரில் போகும். மகேந்திரனின் கடைசி நாள் எங்கேயும் இருக்காது.

சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்த பக்கத்து வீட்டுக்காரியின் பெயருக்குக் கலாதேவியின் அம்மா குரல் கொடுத்திருக்கிறாள். எல்லோரும் அதை அன்பு என்றார்கள். அன்புதான். ஆனால் காய்ச்சல்காரியின் நிரையில் அன்று யாரும் பால் எடுக்க மரம் வெட்டவில்லை.

கலாதேவி தாளைப் பார்த்தாள். இருபத்து நான்கு வரிகள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"ஒண்ணுல கோளாறுன்னா இந்தப் பேருள்ள ஆளைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க சார். கூப்பிட்டா வரமாட்டாருன்னு தெரிஞ்சே எப்படிப் போடுறது? பிரமிளாவ அளக்கச் சொல்லுங்க."

"லாரி போயிடும்."

"போகட்டும் சார்."

 அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் மகேந்திரனின் உள்நுழைவுக் கணக்கை மூடப் போனாள். மென்பொருள் காரணம் கேட்டது: ராஜினாமா, இடமாற்றம், பணி ஓய்வு, மற்றவை. அந்தப் பட்டியலை ஏழு வருடத்துக்கு முன் அமைத்தது அவள்தான். 'மற்றவை'யை அழுத்தினாள்.

மற்றொரு பரிசோதகரான பிரமிளா முடிக்கும்போது மணி ஆறரை. லாரி காலியாகப் போயிருந்தது. இரண்டு தாள்களோடு வந்தாள்.

"அண்ணன் எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குக்கா. ஆனா அளவு பாருங்க, மூணாவது டெசிமல் வரைக்கும் ஒண்ணுதான். பதினேழாவது மட்டும் இடிச்சுது. ரெண்டு வாட்டி அளந்தேன். நான்தான் கருவியக் கோணலா வச்சிருந்தேன்."

"அவரு இருந்தா ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பாரு."

"ஒரு மாசம்லா."

இருவருமே சிரிக்கவில்லை. பிரமிளா தன் பெயரில் இருபத்து நான்கையும் ஏற்றினாள்.

"இந்தப் பழைய தாள நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்கா."

"வாடிக்கையாளர் அளவு இதுல இருக்கு. வெளிய போகக் கூடாது."

கையெழுத்து போடாத தாளைப் பதிவாக வைக்க முடியாது, அழிக்க வேண்டும். அதற்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு, இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். கலாதேவி எழுதினாள். அழித்தது: அளவுத் தாள், ஒன்று. எழுதியவர்: மகேந்திரன். எழுதிய நாள் என்ற இடத்தில் அந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டாள்.

பிரமிளா கையெழுத்திட்டாள். கலாதேவியும் இட்டாள். பிறகு தாளைத் துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டாள்.