பழைய உலாவிகளைக் கைவிடாத செல்வராணி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது பாஹிம் அழைத்தார். கெலிஓயாவில் இணையக் கடை நடத்தியவர். "சிவா அண்ணன், நம்மட செல்வராணி மிஸ் காலையில போயிட்டாங்க" என்றார். செல்வராணியோடு வேலை செய்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள். பெரும்பாலானோர் அவர் முகத்தைக் கண்டதில்லை. உங்களுக்காகத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

செல்வராணி தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். கண்டியில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தோம். வேலை முடிந்த நேரங்களில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பை எழுதத் தொடங்கினோம். எந்த உலாவியில், அதாவது பிரவுசரில், திறந்தாலும் இணையப் பக்கம் ஒழுங்காக இயங்கச் செய்வது அதன் வேலை. எவரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். வெளிநாட்டவர்களும் சேர்ந்தார்கள், கோரிக்கைகள் குவிந்தன. எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பை வேறு எவரும் விரும்பாததால், அது செல்வராணியிடம் வந்தது. "யாரு சத்தமாக் கேக்குறாங்கன்னு பாக்காதீங்க சிவா, யாருக்கு வேற வழி இல்லன்னு பாருங்க" என்பார்.

போர்க்காலத்தில் ஒரு சுற்றிவளைப்புத் தேடுதலின்போது அவருடைய அறைக்கு வந்த பொலிஸார், திரையில் இருந்த நிரலைப் பார்த்து இது என்ன இரகசிய மொழி என்று கேட்டார்கள். சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். சம்பளமில்லாமல் முகம் தெரியாதவர்களுக்காக ஒருவர் உழைப்பார் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை; ஏன் உழைக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரையும் கணினியையும் நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, பொழுதுபட விட்டார்கள். கணினியைச் சுமந்து திரும்பி வந்தவர் கதிரையில் சாய்ந்தார். "நல்ல கேள்விதான் கேட்டாங்க. எனக்கே பதில் தெரியல."

போரின் கடைசி மாதங்களில், போர் நடந்த வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்களைத் தேடச் சில தன்னார்வலர்கள் ஓர் இணையப் பக்கம் அமைத்தார்கள். எங்கள் தொகுப்பில்தான் அது இயங்கியது. என் தங்கை வன்னியில் இருந்தாள். பாஹிமின் கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளையாக நின்றது. அங்கிருந்தவை பழைய கணினிகள், அவற்றில் பழைய உலாவி. அதை நாங்கள் கவனிக்காமல் விட்டு நெடுநாளாகியிருந்தது. "புது பிரவுசர் போட்டா மெஷின் எழும்பாது அண்ணன்" என்றார் பாஹிம்.

அப்போது எங்கள் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. அசைவும் அழகுமாக நிறைய வேலை செய்திருந்தார்கள். செல்வராணி அத்தனையையும் நிறுத்திவைத்து, பழைய உலாவிதான் முதல் வேலை என்று அறிவித்தார். சாகப்போகும் உலாவிக்கு வைத்தியம் பார்க்க நாங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு, திறமையானவர்கள் பலர் பிரிந்துபோய்த் தனித் தொகுப்பொன்றைத் தொடங்கினார்கள்.

"எல்லாரும் போகினம், ராணி" என்றேன்.

"அவங்க சொல்றதும் நியாயந்தான். ஆனா அவங்களால காத்திருக்க முடியும்."

இருவருமாகத் திருத்தி முடித்தோம். பக்கம் திறந்தது. தெல்தோட்டையிலிருந்து ஓர் அம்மா பாஹிமின் கடைக்கு வந்தார். முன்பொரு இனக்கலவரத்துக்குத் தப்பி வன்னியில் குடியேறிய மகனின் பெயரைச் சொன்னார். பாஹிம் தட்ட, பெயர் வந்தது. அந்த அம்மா திரையைத் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்து நான் என் தங்கையின் பெயரைத் தட்டினேன். இல்லை. "நாளைக்கும் பாப்போம். நானும் வர்றேன்" என்றார் செல்வராணி. வேலை முடிந்த களைப்போடு, நின்றபடி கெலிஓயா பஸ்ஸில் மாதக்கணக்காக என்னோடு வந்தார். அந்தப் பெயர் வரவேயில்லை; அதன் பிறகும் நான் தேடுவதை விடவில்லை.

பிரிந்துபோனவர்களின் தொகுப்பை உலகம் எடுத்துக்கொண்டது. எங்களுடையது மெல்ல ஓய்ந்தது. அதில் வருத்தமா என்று அவர் கடைசியாக நோயுற்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமா? நம்ம கையால செஞ்சதுல்ல" என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், எங்களோடு எஞ்சியிருந்த ஒருவர், இனி அந்தப் பழைய உலாவிக்கான பகுதியை நீக்கிவிடலாமே என்று கேட்டிருந்தார். நியாயமான கோரிக்கை. செல்வராணி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் பதில் எழுதினார்: "சிவா தேடுவதை நிறுத்திய பிறகு நீக்கலாம்."

அதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசவில்லை. பழைய உலாவிக்கான அந்த நிரல் வரிகள் இன்றும் எங்கள் தொகுப்பில்தான் இருக்கின்றன. செல்வராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அவற்றைத்தான்.