தெரிந்த ஒரு சகோதரி

எங்கள் கோவிலில் சனிக்கிழமை நாலு மணிக்குப் பெண்கள் ஐக்கியம் கூடும். கோவிலைச் சுற்றியுள்ள காக்ஸ் டவுன் வீடுகளிலிருந்து இருபது பேர் வருவோம். தொண்ணூறுகளின் கடைசியில் நான்தான் அதற்குச் செயலாளர். வாசலில் ஒரு ஜெபப் பெட்டி இருக்கும். வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுதத் தேவையில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பேன். யாராவது ஒருவர் எழுந்து அதற்காக ஜெபிப்பார்.

முக்கால்வாசிச் சீட்டு, "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி" என்றுதான் தொடங்கும். தெரிந்த சகோதரியின் கணவர் குடிக்கிறார், தெரிந்த சகோதரிக்கு மாமியார் தொல்லை. "எங்க கோவில்ல யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல, எல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான்" என்று கணவரிடம் கிண்டலடிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிறகு எனக்கே வந்தது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. அன்றிலிருந்து பயம் கூடவே குடியிருந்தது. தூக்கம் போனது. சோறு இறங்கவில்லை. குக்கர் சத்தத்தில் வெளியே கேட்காது என்று சமையலறையில் நின்று அழுதேன். கணவரிடம் அசிடிட்டி என்று சொல்லிச் சமாளித்தேன். ஊருக்கெல்லாம் ஜெபம் நடத்துகிறவள் இப்படி ஆகிவிட்டாள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? விசுவாசம் குறைந்துபோனதால்தான் இது என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, இடது கையால் கோணல்மாணலாக ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். பிறகு நானே அதை எடுத்து, ஒன்றும் தெரியாதவள்போல் வாசித்தேன். "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி காரணமில்லாமல் பயப்படுகிறார். அவருடைய அவிசுவாசம் நீங்க ஜெபிக்கவும்."

ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் எழுந்தார். அவிசுவாசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை ரொம்ப பயந்துபோயிருக்கு. அது மேல உமக்குக் கோபம் இல்லன்னு அதுக்கு உணர்த்தும். நாலு வாய் சோறு இறங்கட்டும். நல்லாத் தூங்கட்டும்." அவ்வளவுதான். சோற்றையும் தூக்கத்தையும் ஆண்டவரிடம் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் ரசம் விட்டுக் கொஞ்சம் சாப்பிட்டேன்.

ஆறு வாரம் எழுதினேன். ஆறு வாரமும் அவரே எழுந்து ஜெபித்தார். தூக்கம் மட்டும் வரவில்லை. ஏழாவது வாரம் எனக்கே அலுத்துவிட்டது. ஒரே ஆளுக்காக எத்தனை தடவை ஆண்டவரை நச்சரிப்பது? இனி இப்படித்தான் என்று முடிவுகட்டி, எழுதாமல் விட்டுவிட்டேன்.

அன்று பெட்டியின் அடியில் கடைசியாக ஒரு சீட்டு இருந்தது. பிரித்து வாசிக்கத் தொடங்கினேன். "நமக்குத் தெரிந்த அந்தச் சகோதரிக்காக. இந்த வாரம் அவர் எழுதியிருந்தாலும் எழுதாவிட்டாலும் நாம் அவருக்காக ஜெபிப்போம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அது நான்தான்" என்றேன்.

யாரும் திடுக்கிடவில்லை. நர்ஸ் அக்கா வந்து என் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டார்.

"தெரியும்மா. பாதியா மெலிஞ்சுட்டே, எங்களுக்குக் கண்ணு இல்லையா? நீயா சொல்லட்டும்னு காத்திருந்தோம். இன்னைக்கு வாசிச்சது போதும், உட்காரு."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நியாயமாக எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்ததுபோல்தான் இருந்தது. சுற்றி நின்று என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்கள். சில கைகளில் வெங்காய வாசனை. நான் வாய்விட்டு அழுதேன். மறைப்பதற்குக் குக்கர் சத்தம் தேவைப்படவில்லை.

"திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் நர்ஸ் அக்கா.

"ஜெபிச்சாப் போதாதா அக்கா?"

"நான் பி.பி. மாத்திரை போட்டுக்கிட்டுத்தானே ஜெபிக்கிறேன்?"

போனோம். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். பயம் மெதுவாகத்தான் விலகியது. சனிக்கிழமைகளில் இந்த வாரம் எப்படி என்று அவர்கள் கேட்பார்கள், நானும் உள்ளதைச் சொல்வேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருந்தது. முந்தின நாள் மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கண் விழித்தபோது மணி பத்தரை. ஆராதனை முடிந்திருக்கும். என்னை எழுப்பாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் போயிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, கோவிலுக்குப் போகாமல் தூங்கிவிட்டதற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.