செயலாளர் வீட்டு வாசலில் முக்காலி

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கின் முழங்கால், ஒரே மூச்சில் பால் கடைவரை போகவிடாது. பாதி வழியில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான் போவார். கிழவர்கள் கூடி வம்பளக்கிறார்கள் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைப் பெயர்த்துவிட்டார்.

"இனிமே பால் வீட்டுக்கே வரட்டும்ப்பா," என்றாள் மகள்.

"அப்புறம் நான் எதுக்கு?" என்றவர், மறுநாள் முக்காலியோடு கிளம்பினார். பெஞ்ச் இருந்த இடத்துக்கு எதிரே செயலாளர் வீட்டு கேட். அதை மறித்து உட்கார்ந்தார். உள்ளே கார் ஹாரன் அடித்தது.

"பெரியவரே, வழி விடுங்க. வேலைக்குப் போகணும்."

"நானும் கடைக்குப் போகணும் தம்பி. முட்டி விடமாட்டேங்குது."

"வயசானா வீட்ல கிடக்கணும்."

"கிடக்கிறதுக்கு நாள் வரும். இன்னைக்குப் பால் வாங்கணும்."

முட்டி சம்மதித்த பிறகே எழுந்தார். வாரம் முழுக்க இதே கூத்து. செயலாளர் பெஞ்சைத் திரும்பப் போடவில்லை. காரைத் தெருவில் நிறுத்தப் பழகிக்கொண்டார். அதன்பிறகு இருவரும் முகம்கொடுத்துப் பேசியதே இல்லை. பெரியவர் சாகிற வாரம்வரை வீட்டுக்குப் பால் அவர் கையால்தான் வந்தது.

துக்கம் விசாரிக்கச் செயலாளர் வந்தார்.

"நல்ல மனுஷர்ம்மா."

"அதை உங்க வாயால கேக்க வேண்டாம் சார். கிளம்புங்க," என்றாள் மகள்.