மூங்கில் ஊசிகள் இரண்டு

கர்ப்பம் கலைந்து, ஒரு மாத ஓய்வுக்குப் பின் மறுபடி வேலைக்குப் போனபோது எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் கண்ணாடிக்கு வெளியே லாரிகள் சத்தமில்லாமல் மிதந்தன. லைனில் பாகங்கள் வந்தன, அளந்தேன், போயின.

அந்த நாட்களில்தான் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு ஓர் அசாம் பெண் வந்தாள். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்தவள். உட்கார்ந்ததும் இரண்டு ஊசிகளையும் மஞ்சள் உல்லன் நூலையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவாள். டிக், டிக் என்று மெல்லிய சத்தம். பல நாட்களாக வராத தூக்கம் அதைக் கேட்டு எனக்கு வந்தது.

ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன்.

"கொக்கி ஊசியா, நேர் ஊசியா?" என்றார் கடைக்காரர்.

"நேர் ஊசிண்ணா. பின்றதுக்கு."

"இன்னா சைஸும்மா?"

நாளெல்லாம் மில்லிமீட்டர் பார்க்கிறவள், ஊசிக்கும் அளவு உண்டென்று அப்போதுதான் அறிந்தேன். கடைசியில், இருந்ததிலேயே மெல்லிய, பளபளக்கும் ஸ்டீல் ஜோடியை எடுத்தேன். மெல்லியதுதான் துல்லியம் என்பது என் வேலை தந்த புத்தி. அழுக்குத் தெரியாதென்று கறுப்பு நூல்.

மறுநாள் பஸ்ஸில் நூல் வழுக்கி வழுக்கி விழுந்தது. கறுப்பில் எது கண்ணி, எது ஓட்டை என்றே தெரியவில்லை. அவள் வாங்கிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது ஓடும். புதுசு கைக்கு வேணாம்." தன் பையிலிருந்து மூங்கில் ஊசி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தாள். "இது நூல் பிடிக்கும். நூல் தடியா வாங்கு. வெளிச்சம் கலர்."

ஊசி கதகதப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கையிலிருந்து விட்டதுபோல.

அடுத்த ஞாயிறு கடைக்காரர் டிராயரின் அடியில் துழாவி, தூசி படிந்த மூங்கில் ஜோடி ஒன்றை எடுத்தார். ஐந்து மில்லிமீட்டர். வெண்ணெய் நிறத்தில் தடித்த நூல், நூல்முனையை உள்ளே மறைக்க முனை மழுங்கிய பெரிய ஊசி, சின்னக் கத்திரி, வரிசைக்கு அடையாளம் வைக்க நாலு ஊக்கு.

"இன்னாம்மா பின்னப் போற?"

"தெரிலண்ணா."

மறுநாள் பஸ்ஸில் அதையே அவளும் கேட்டாள். "குழந்தைக்கா, அக்கா?"

"குழந்தை இல்ல."

"அப்ப?"

"சும்மா."

தன் பின்னலை மடியில் வைத்தாள். பிறகு, "சும்மா நல்லது" என்று சொல்லி, என் விரல்கள்மேல் தன் விரல்களை வைத்து நூலைச் சுற்றிக் காட்டினாள்.

பத்து நாள் பின்னியதும் பிரித்ததுமாகப் போனது. ஒரு சாயங்காலம் ஒரு கண்ணிகூட நழுவாமல் முழு வரிசை வந்தது. அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும். நிமிர்ந்தபோது எங்கள் இருவரைத் தவிர பஸ் காலியாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்க வேண்டிய நான், அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் இருக்கும் மண்ணூருக்கே வந்துவிட்டிருந்தேன்.

"நீ ஏன் சொல்லல?"

"அக்கா நல்லா பின்னுச்சு. எப்படி சொல்றது?"

இறங்கியதும் கணவரிடமிருந்து போன் வந்தது. "எங்க கீற?"

"மண்ணூர்ல."

"மண்ணூர்ல இன்னா பண்ற?"

"பின்னிக்கினு இருக்கேன்."

அங்கே வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "சரி, அங்கயே இரு. வண்டி எடுத்துக்கினு வரேன்" என்றார்.

அவள் எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னாள். டீ வரும்வரை, நின்றபடியே இன்னும் அரை வரிசை பின்னினேன்.