கூரைக்குப் போன அரசர்

என் அத்தான் சூசைதாசன் தன் வாழ்நாளில் ஒரு கெட்ட செய்தியையும் நேராகச் சொன்னதில்லை. இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனம் அவரைக் கொண்டாடியதே இதற்காகத்தான். ஊரில் யாராவது செத்துப்போனால் வவுனியாவில் இருந்தோ கொழும்பில் இருந்தோ செய்தி முதலில் அவருடைய ரெலிபோனுக்கு வரும். "சூசையண்ணை, நீங்கள்தான் பக்குவமாச் சொல்லோணும்" என்பார்கள். அத்தான் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு, என் அக்கா றோசலினிடம் ஒரு சோற்றுப் பார்சல் கட்டித்தரச் சொல்லுவார்.

அவருடைய பக்குவம் இப்படி. செய்திக்குரிய ஆளை முதலில் சாப்பிட வைப்பார். சாப்பிடும்போது, "அம்மாவுக்குக் கொஞ்சம் ஏலாதாம்" என்று தொடங்குவார். கை கழுவி வந்ததும், "ஆசுப்பத்திரியில விட்டிருக்கினமாம்" என்பார். தேத்தண்ணி குடித்து முடியும்போது, "கொஞ்சம் கடுமையாம்" என்று தலையைக் குனிவார். அதற்குள் எந்த மடையனுக்கும் விளங்கிவிடும். தொண்ணூற்றைந்து யாழ்ப்பாண இடப்பெயர்வில் எங்கள் கட்டடத்துச் செல்வரட்ணத்தின் தாய் கொடிகாமத்தில் செத்தபோதும் இதே சடங்குதான் நடந்தது. "சூசையண்ணை பார்சலோட வாசலில நிண்டாலே ஆர் செத்தது எண்டுதான் கேக்கத் தோணுது" என்று செல்வரட்ணம் பிறகு சொல்லித் திரிந்தார்.

அத்தான் பிறந்தது மன்னாரில், பேசாலை என்ற ஊரில். ஊரின் பெயருக்கும் அவர் வாய்க்கும் ஒரு பொருத்தமும் இல்லை. சின்ன வயதில் அவருடைய தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பெரியவர்கள் ஒரு கிழமையாக, "அப்பா ராமேஸ்வரம் பக்கம் போட்டார், மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவார்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "அந்த ஒரு கிழமை நான் எவ்வளவு சந்தோசமா இருந்தனான் தெரியுமோ?" என்று அத்தான் சொல்லுவார். உண்மை தெரிந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லையாம். அந்தக் கிழமையைத் தனக்குக் கொடுத்தவர்களுக்கு நன்றிதான் வந்ததாம். எனக்கு இது ஒருநாளும் விளங்கியதில்லை.

கனடா வந்து அத்தான் ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் கதிரை செய்கிற ஒரு பக்டரியில் சேர்ந்தார். அங்கேதான் அடெயெமியைப் பிடித்தார். நைஜீரியாக்காரர், யொரூபா இனம், பனை மாதிரி உயரம். பக்டரிக்கு வருவதற்கே சட்டையை ஸ்திரி போட்டுக்கொண்டு வருகிற மனிதர். அக்காவின் வாயில் அடெயெமி நிற்கவில்லை, ஏமி ஆகிவிட்டார். அத்தான் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்ததால் ஏமி அதில் குடிவந்தார். வந்த இரண்டாம் மாதம் நண்டுக் கறியை எங்களை விடச் சுத்தமாக உடைத்துச் சாப்பிட்டார்.

தன் தகப்பன் ஓர் அரசர் என்று ஏமி சொன்னபோது அத்தான் நம்பவில்லை. "அரசன்ர மகன் ஏன் இஞ்ச வந்து கதிரைக்குக் கால் பூட்டுறான்?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். ஏமி ஒரு படத்தைக் காட்டினார். பாசிமணி கோத்த உயரமான கிரீடம். அதிலிருந்து மணிச்சரங்கள் தொங்கி முகத்தை மறைத்திருந்தன. கையில் வெள்ளைக் குதிரைவால் சாமரம். "இவர்தான் அப்பா. முகம் தெரியாது. தெரியவும் கூடாது" என்றார்.

(இருவரும் பேசுவது பக்டரி இங்கிலிஷ். நான் அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.)

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் அந்த அரசரின் கதைதான். அரச குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்த அவர் முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கொக்கோத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போய்வருகிற மனிதர். பழைய அரசர் போனபின், அரசரைத் தெரிவுசெய்கிற முதியவர்கள் குறிகேட்டு இவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஆட்கள் வந்து கூட்டிப்போனபோது வாத்தியார் அழுதாராம். மாதக்கணக்கில் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்து அரசராக இருக்கப் பழக்கினார்கள். வெளியே வந்தபோது அவருடைய பெயர் போய்விட்டது. கபியேசி என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். உம்மைக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்று அதற்குப் பொருளாம். பெற்ற தாயே அவர் முன்னால் முழந்தாளிட்டார். அந்தத் தாய் செத்தபோது அரசர் பிணத்தைப் பார்க்கக்கூடாது என்று உள்ளே இருத்திவிட்டார்கள். பிறர் பார்க்கச் சாப்பிடக்கூடாது. கிரீடத்தின் உட்புறத்தைப் பார்க்கக்கூடாது.

"பிறகு உந்த ராசாவுக்கு என்னதான் சுகம்?" என்று அக்கா கேட்டாள்.

ஏமி சிரித்தார். காலையிலிருந்து மாலைவரை காணிச் சண்டைகளைக் கேட்பாராம், ஒருநாளும் குரல் உயர்த்தமாட்டாராம். "எங்கட ஊர் விதானையார் மாதிரி" என்றார் அத்தான். ஒருமுறை விடியற்காலையில் எழும்பிப் போனபோது, அரண்மனையின் உள்முற்றத்தில் மதிலுக்குள்ளே தகப்பன் சைக்கிளில் வட்டமடிப்பதை ஏமி கண்டிருக்கிறார். மகனைக் கண்டதும் அரசர் விரலை உதட்டில் வைத்தாராம். இதைச் சொல்லும்போது ஏமியின் குரல் மாறிவிடும்.

தொண்ணூற்றாறு மாசி மாதம் ஒருநாள் காலையில் ரெலிபோன் அடித்தது. ஏமி காலை வேலைக்குப் போயிருந்தார். அத்தானுக்குப் பின்னேர வேலை, அவர்தான் எடுத்தார். லைன் இரைந்தது, தன் குரலே தனக்குத் திரும்பி வந்தது. பேசியவர் இபாடான் நகரத்திலிருந்து ஏமியின் சித்தப்பா. "கபியேசி கூரைக்குப் போய்விட்டார். மகனை உடனே வரச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு முறை சொன்னார். அத்தான், "ஓகே, ஓகே, நான் சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

எண்பது வயதுக் கிழவர் கூரையில் ஏறிவிட்டார், தம்பிக்காரன் பதறுகிறான். அத்தானுக்கு விளங்கியது இவ்வளவுதான். ஓடு மாற்ற ஏறினாரோ, மூளை பிசகி ஏறினாரோ என்று யோசித்தாராம். கூரையில் ஏறின கிழவரை இறக்க ரொறொன்ரோவில் இருந்தா ஆள் போவது? சொன்னால் பொடியன் வீணாகப் பயப்படுவான், சாப்பாடு இறங்காது. பின்னேரம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்தார். பின்னேரம் அவர் வேலைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் ஏமி நாரிப்பிடிப்போடு, இடுப்பை அசைக்க ஏலாமல் படுத்திருந்தார். மூன்றாம் நாள், கிழவர் இதற்குள் இறங்கியிருப்பார் என்று அத்தானே முடிவு கட்டிவிட்டார்.

ஈஸ்டர் முடிந்து ஒரு சனிக்கிழமை, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு நைஜீரியக் கலியாண வீட்டுக்குப் போன ஏமி நேரத்தோடு திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

"அப்பா கூரைக்குப் போய்விட்டாராம். மாசியிலேயே போய்விட்டாராம். அங்கே ஒருவர் என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னபோதுதான் தெரியும்."

அத்தான் அவர் முன்னால் வந்து நின்றார். "கூரைக்கு எண்டால்?" என்று கேட்டார்.

"அரசர் செத்தார் என்று எங்கள் ஊரில் யாரும் வாயால் சொல்லக்கூடாது. கூரைக்குப் போனார் என்றுதான் சொல்வோம்." ஏமி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "சூசை, சித்தப்பா இங்கே கோல் எடுத்தாரா? வேறு யாராவது எடுத்தார்களா?"

"இல்லை" என்றார் அத்தான். "ஒருத்தரும் எடுக்கேல்லை."

முதல் பிழைக்கு நான் அத்தானைக் குற்றம் சொல்லமாட்டேன். தவறிட்டார், மோசம் போனார், கண்ணை மூடிட்டார் என்று நாங்களும்தான் சாவுக்குத் துணி போர்த்துகிறோம். அதிலே பட்டம் வாங்கிய மனிதருக்கு இன்னொரு சனம் போர்த்திய துணி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்த "இல்லை" இருக்கிறதே, இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஒரு சொல்லை நம்பி ஏமி இபாடானுக்குக் கோல் எடுத்தார். தனக்குச் செய்தி வரவே இல்லை என்றார். சித்தப்பாவோ, "நானே பேசினேன். சொல்கிறேன் என்று ஒரு மனிதன் ஒப்புக்கொண்டான். இப்போது பொய்யும் சொல்கிறாயா?" என்று கத்தினார். அடுத்த அரசராக முதியவர்கள் முதலில் எடுத்தது ஏமியின் பெயரைத்தானாம். பதில் இல்லாதபடியால் மறுத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டார்கள். இளவரசனை இரண்டாம் முறை கெஞ்சி அழைப்பது அவர்களுக்கு வழக்கமில்லை. அரச குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஒருவரைத் தெரிவுசெய்தாயிற்று. ஏமி அதைக் கேட்டுக் கலங்கவில்லை. தன் தாயிடம் ரெலிபோனைக் கொடுக்கச் சொன்னார். துக்கம் காத்து முடிந்து தாய் அப்போது சித்தப்பா வீட்டில்தான் இருந்தார். அவர் ரெலிபோனுக்கு வர மறுத்துவிட்டார். தகப்பனுக்கு முதுகு காட்டியவனோடு தனக்குப் பேச்சில்லை என்று சொல்லிவிட்டாராம்.

ஒவ்வொரு ஞாயிறும் ஏமி எடுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அம்மா வரமாட்டார். சைக்கிள் கதையும் இல்லை, நண்டும் இல்லை. ஏமி சட்டைக்கு ஸ்திரி போடுவதை விட்டுவிட்டார்.

அத்தான் படாத பாடு பட்டார். தன்னுடைய பெரிய அறையை ஏமிக்குக் கொடுக்கப் பார்த்தார். அஜின்கோர்ட் வரை போய் நல்ல மீன் வாங்கி வந்து பொரித்து வைத்தார். கோயில் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். "என்னட்டைச் சொல்லி என்ன செய்ய, அந்த மனிசனிட்டைப் போய்ச் சொல்லும்" என்று சுவாமி அனுப்பிவிட்டார். கடைசியில் தன் குற்றத்தையும் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், படிப்படியாகச் சொல்லப் புறப்பட்டார். ஏமிக்குச் சோறு போட்டுவிட்டு, "மாசியில ஏதோ ஒரு கோல் வந்தது மாதிரிக் கிடக்கு" என்றார். ஏமி கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அத்தான் பயந்துபோய், "அது றோசலின்ர சித்தியாக்கும்" என்று பின்வாங்கிவிட்டார். சிரிக்கவேண்டிய விஷயம்தான், ஆனால் பக்கத்தில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தான் நிரம்பிய தட்டில் மேலும் மேலும் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏமி வழக்கம்போலக் குசினியில் ரெலிபோனோடு நின்றார். மறுமுனையில் வைத்துவிட்டார்கள், இவர் வைக்கவில்லை. வெறும் இரைச்சலைக் காதில் பிடித்தபடி நின்றார். அக்கா அதைப் பார்த்தாள். நேராக அறைக்குள் போய்க் கட்டிலில் கிடந்த அத்தானிடம், "இஞ்சேருங்கோ, நீங்கள் போய்ச் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?" என்றாள். அவளுக்கு எப்போது தெரியும் என்று அத்தான் கேட்கவில்லை. எழும்பி வந்தார்.

இந்தமுறை சோறு இல்லை, தேத்தண்ணி இல்லை. நின்றபடியே சொன்னார். "ஏமி, சித்தப்பா கோல் எடுத்தவர். நான்தான் ரெலிபோனைத் தூக்கினனான். அரசர் கூரைக்குப் போட்டார், மகனை வரச் சொல்லுங்கோ எண்டு ரெண்டு தரம் சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. பிறகு நீங்கள் கேட்கேக்க விளங்கினது. விளங்கியும் பொய் சொன்னனான்."

ஏமி அடிப்பார் என்று நான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. பிறகு ரெலிபோனின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"என்னிடம் சொல்லாதே, சூசை" என்று ரெலிபோனை நீட்டினார். "அவர்களிடம் சொல்."

சித்தப்பா எடுத்தார். அத்தான் தன் பெயரைச் சொன்னார், மாசியில் பேசிய குரல் தன்னுடையது என்றார். அந்தச் செய்தியை மகனிடம் கொடுக்கவில்லை, மகன் மறுக்கவில்லை, மகனுக்குத் தெரியவே தெரியாது, பொய் சொன்னது தான் என்றார். வழக்கமாக ஒட்டவைக்கிற "கொஞ்சம்", "போல" ஒன்றும் இல்லை. வியர்வை சட்டையில் ஊறியது. மறுமுனையில் சித்தப்பா யாருக்கோ யொரூபாவில் சொல்வது எங்களுக்கும் கேட்டது. பிறகு ஒரு வயதான பெண் குரல், உடைந்து உடைந்து நீளமாகப் பேசியது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், வரப்போகிற ஏச்சுக்குத் தயாராக.

சித்தப்பா திரும்ப வந்து ஏதோ சொன்னார். அத்தான் ரெலிபோனை ஏமியிடம் கொடுத்தார். ஏமி காதில் வைத்தார். தாயின் குரலைக் கேட்டதுதான், அந்த உயரமான மனிதர் மரியாதைக்கு அப்படியே குசினி நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ரெலிபோனைக் காதோடு அழுத்தியபடி, நெற்றி நிலத்தில் பட, தாயோடு பேசினார்.

அத்தான் பல்கனிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனேன்.

"அத்தான், என்ன சொன்னவ அந்த மனிசி?"

"நன்றியாம்." அவருடைய வாய் கோணியது. "மகனைத் திருப்பித் தந்ததுக்கு எனக்கு நன்றியாம். என்னைப் பெத்த தாய்க்கும் ஆசீர்வாதமாம். ரெண்டு ஏச்சு ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பன், மச்சான்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.