புளி ஊத்துன மொடா

இதை எழுதாமயே உட்டிருப்பேன், அத்தனை சோம்பேறி நான். இன்னைக்குக் கொல்லங்கோட்டுச் சந்தையில நனைஞ்ச நீலத்துண்டோட ஒருத்தன் பக்கத்துல வந்து நின்னான். அந்த அவுரிச்சாய நாத்தம் மூக்குல ஏறுனதும் சின்னப்பையனா ராமாத்தாக்காளோட சாயக்கொட்டாய்க்கே போயிட்டேன். எங்கப்பன் சுட்ட மொடாவெல்லாம் கழுத்து வரைக்கும் மண்ணுல பொதஞ்சிருக்கும், உள்ளே சுண்ணாம்பும் வெல்லமும் போட்ட அவுரி நொரை தள்ளிட்டுக் கெடக்கும், அக்கா ஒவ்வொரு மொடாவுலயும் காதை வெச்சுக் கேட்டுட்டு, "உசுரோட இருக்குதுடா"ன்னு சிரிக்கும். அந்த உசுரைச் சீண்டிப் பாக்கலாம்னு ஒரு மொடாவுல புளித்தண்ணியக் கவுத்துட்டேன்.

மறுநாள் துணியில நீலமே புடிக்கலை. தீட்டோட தொட்டுட்டா, அதான் சாயம் செத்துப்போச்சுன்னு சொல்லி, புருசங்காரன் அக்காளைக் கொட்டாய்க்குள்ள உடவே இல்லை. இன்னமும் அது வாசல்ல உக்காந்து நூல் மட்டுந்தான் சுத்துது. ஊரையே கேலி பண்ற என் வாய், அன்னைக்குப் புளி ஊத்துனது நாந்தான்னு சொல்லத் தொறக்கலை.

அக்கா மகன் மாரப்பன் என் சேக்காளி. இதை அவனுக்குப் படிச்சுக் காட்டி, "உங்கம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிரு மாப்ளே"ன்னேன்.

"அம்மா ஊட்டுலதான் இருக்குது, நீயே வந்து அப்பன் முன்னால சொல்லு."