மொன்றியால் வாத்தியக்குழுவும் சித்தப்பாவின் சமாதானமும்

1. மொன்றியாலிலிருந்து நான்கு இளைஞர்கள் ஹெவி மெட்டல் என்னும் காதைப் பிளக்கும் இசை வாசிக்கப் பாரிஸ் வந்தார்கள்.
2. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த சிறிய மண்டபத்தில் முதல் வாரம் அவர்களைக் கேட்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கோடை முடிவதற்குள் தெருவரை வரிசை நின்றது.
3. இசைத்தட்டு நிறுவனத்தார் ஒருவர் வந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டார். அவருக்குப் பிடித்துப்போனது.
4. என் சித்தப்பா அவர்களைச் சமாதானப்படுத்தினார்.
5. குழு உடைந்தது.

நான் அப்போது மின்னணுவியல் படித்துவிட்டு, அந்த மண்டபத்துக்கு அருகில் ஒலிபெருக்கி திருத்தும் கடையில் வேலை பார்த்தேன். அவர்களுடைய அம்ப்ளிஃபயர்கள் வாரம் ஒன்றாவது புகைந்து என் மேசைக்கு வரும். அவற்றைத் தூக்கிவர ஆள் தேவைப்பட்டபோது சித்தப்பாவைச் சேர்த்துவிட்டேன். அவருக்கு அந்த இசை சற்றும் பிடிக்காது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் மேடையோரம் நிற்பார். ஆனால் சித்தியும் மகளும் கனடாவில், ரொறன்ரோவில் சித்தியின் தமையன் வீட்டில் இருந்தார்கள். தாங்கள் கனடா திரும்பும்போது அவரையும் வேலையாளாகக் கூட்டிப்போவதாகக் குழுவின் பாடகர் சொல்லியிருந்தார். மகளைச் சித்தப்பா கடைசியாகக் கண்டது தொட்டிலில்.

லாச்சப்பல் கடைக்காரர்களுக்குக் கேலி பண்ண இது போதும். "அண்ணை, கனடாவுக்குப் போக முதல் அவங்களைப்போலத் தலைமயிரை வளருங்கோ" என்பார்கள். "வளர இஞ்சை என்ன கிடக்கு?" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டு போவார்.

இசைத்தட்டு நிறுவனம் பாட்டுகளை மென்மையாக்கச் சொன்னது. பாடகர் சம்மதித்தார், கிற்றார்காரர் மறுத்தார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மேடையில் மட்டும் சேர்ந்து வாசித்துவிட்டு வேறு வேறு கதவுகளால் வெளியேறினார்கள்.

சித்தப்பா அதை ஒரு குடும்பச் சண்டையாகவே பார்த்தார். எங்கள் வீடுகளில் இருவர் முகம் பாராமல் இருந்தால், நடுவில் ஒருவர் போவார். "அவன் உன்னை நினைச்சு அழுகிறான்" என்று இவரிடமும், அதுபோலவே ஒன்றை அவரிடமும் சொல்வார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். யாரும் விசாரிப்பதில்லை. இறங்கிவர ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். பிறகு இருவரையும் ஒரே பந்தியில் இருத்திச் சாப்பாடு போடுவார்கள்.

சித்தப்பாவும் தன் அரைகுறைப் பிரெஞ்சில் இருவரிடமும் அப்படியே சொல்லிவைத்தார். பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் குழுவில் நால்வரும் வர, அந்தப் பந்தி நடந்தது. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும் வைத்தார். பாடகர் இரண்டு வாய் சாப்பிட்டதும் நிமிர்ந்து, "நீ என்னை நினைத்து அழுதாயாமே. அப்படியென்றால் மென்மையான பாட்டுக்குச் சம்மதந்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நான் அழவில்லை," என்றார் கிற்றார்காரர். "நீதான் மன்னிப்புக் கேட்கத் தவிக்கிறாய் என்று இவர் சொன்னார்."

இருவரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, அது சும்மா சொல்லுறதெண்டு இவங்களுக்கு விளங்கப்படுத்து."

விளங்கப்படுத்தினேன், இங்கே எழுதியதைவிடத் தெளிவாகவே. அவர்களுக்கு அது வெறும் பொய். முதலில் கிற்றார்காரர் எழுந்தார். மேளம் அடிப்பவர் மட்டும் கறியை முடித்துவிட்டு, அம்மாவுக்கு நன்றி சொல்லிப் போனார்.

"நான்தான் கெடுத்துப்போட்டன்" என்று சித்தப்பா நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபியூஸ் எரிந்தால் ஃபியூஸைக் குற்றம் சொல்லும் பழக்கம் என் தொழிலில் இல்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கும். அந்தக் குழுவிலும் அது முன்பே இருந்தது.

சித்திக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். "நீங்கள் சமாதானம் பண்ணினது காணும், இனி விடுங்கோ," என்றாராம் சித்தி. "அங்கையே நில்லுங்கோ. நான் வாறன்."

பாடகர் மொன்றியாலில் மேசை, கட்டில் என்று வீட்டுத் தளபாடம் விற்கிறார். கிற்றார்காரர் பாரிஸிலேயே தங்கிப் பாடம் எடுக்கிறார். மற்ற இருவரில் ஒருவர் லண்டனில், ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. சித்தப்பாவும் சித்தியும் மகளும் லாச்சப்பலில் ஒரே அறையில் இருக்கிறார்கள்.